அரைப்பேர் போதாது, தோழர்களே!

தோழர்களே, 2024 தொகைமதிப்பின் கணக்கு வந்துவிட்டது. நாட்டின் சனத்தொகையில் மலையகத் தமிழர் 2.8 சதவீதம் என்கிறது அது. 2012இல் நாம் 4.1 சதவீதமாக இருந்தோம். அப்போது எட்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் அளவில் இருந்தவர்கள், இப்போது சுமார் ஆறு லட்சம் பேர் என்று எழுதப்பட்டிருக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் நம்மைக் கப்பலேற்றி அனுப்பும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு, பொருளாதாரம் விழுந்தபோது வேறு வழியில் வெளியேறியவர்களும் உண்டு. அதையெல்லாம் கூட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. அதே கணக்கில் இலங்கைத் தமிழரின் பங்கு 11.1இலிருந்து 12.3 சதவீதமாகக் கூடியிருக்கிறது. நம்மவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கான பதிலில் பெரும்பகுதி அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, லயத்தில் கூரை ஒழுகுகிறதே, அதைப் பேசு" என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். கூரையைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு பிரதேச செயலகம் எத்தனை பேருக்கு ஒன்று, தமிழ் தெரிந்த அலுவலர் எத்தனை பேர், மாகாண சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் தொகுதி எல்லை எங்கே ஓடும், வீட்டுத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற எல்லாக் கேள்விக்கும் கொழும்பில் எடுத்து வைக்கப்படும் முதல் தாள் இந்த எண்தான். மாகாண சபைத் தேர்தல் எல்லை நிர்ணயச் சிக்கலில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. 2018இல் பாராளுமன்றத்துக்கு வந்த எல்லை நிர்ணய அறிக்கை தோற்கடிக்கப்பட்ட பிறகு அந்த வேலை முடிக்கப்படவே இல்லை. மறுபடி கோடு போட உட்காரும்போது அவர்கள் கையில் 2.8 என்ற எண் இருக்கும். புதிய அரசியல் யாப்பு பற்றிய பேச்சும் இருக்கிறது. அங்கேயும் அதே எண் வந்து உட்காரும். அதனால்தான் இது அவசரம்.

நம் தலையை எப்படி எண்ணுவது என்பதை எப்போதும் அடுத்தவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். 1901 வரை இந்த நாட்டின் தொகைமதிப்பில் தமிழருக்கு ஒரே பத்திதான். 1911இல்தான் காலனி அரசு அதை இரண்டாக வெட்டி, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று எழுதியது. சோனகரையும் அப்படியே இரண்டாக்கியது. சிங்களவரையும் கரையோரத்தார், கண்டியர் என்று பிரித்துத்தான் எழுதிவந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1971 வரை தனித்தனியாக எண்ணப்பட்ட கரையோரச் சிங்களவரையும் கண்டிச் சிங்களவரையும் 1981இல் ஒரே பத்தியில் சேர்த்தார்கள். ஒரு கோட்டை அழிக்க அரசு நினைத்தால் ஒரு தொகைமதிப்புக்குள் அழித்துவிடலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம் பெயருக்கு முன்னால் இருந்த "இந்திய" மட்டும் நூறு வருடம் தாண்டியும் நின்றது.

அந்த ஒரு சொல் வெறும் அடையாளமாக நின்றிருந்தால் இவ்வளவு பேசத் தேவையில்லை. அதை வைத்துத்தான் சட்டம் செய்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதற்கு வெளியிலும் பல தொகுதிகளில் நம் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. பூட்டன் பிறந்ததற்குச் சான்று வைத்திருந்த மனிதர் அந்த நாளில் இந்த நாட்டில் எத்தனை பேர்? சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் அந்தத் தாள் இல்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. "இந்தியத் தமிழர்" பத்தியில் இருந்தவரிடம் மட்டும் கேட்டார்கள். 1949இல் விண்ணப்பிக்கலாம் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. அதே ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்கைப் பறித்தார்கள். 1952 தேர்தலில் தோட்டத்து மக்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லை.

இதற்குப் பிறகு நடந்த ஒன்றை இளம் தோழர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1959இல் தொகுதி எல்லைகளை மறுபடி வகுத்தபோது, பிரஜைகளின் எண்ணிக்கையை வைத்து வகுக்கவில்லை, மொத்தச் சனத்தொகையை வைத்து வகுத்தார்கள். வாக்கில்லாத நம்மையும் சேர்த்து எண்ணினார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் நம் தலைகளைக் கூட்டி ஆசனங்கள் உருவாயின. அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை. ஆசனம் வேண்டும்போது நாம் சனம், வாக்குக் கேட்டபோது நாம் அந்நியர். எண்ணிக்கை ஒரு மக்களுக்கு எதிராக எப்படி வேலை செய்யும் என்பதை உலகத்துக்குச் சொல்ல நம் கதை ஒன்றே போதும்.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்குப் போட்ட மேசையில் நம் ஆள் ஒருவர்கூட உட்காரவில்லை. ஒரு லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, அம்மாவுக்கு எதுவுமே இல்லை என்று ஆன குடும்பங்கள் எத்தனையென்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை நீலகிரியில் இன்றும் "சிலோன்காரர்" என்றுதான் சொல்கிறார்கள். இங்கே இந்தியத் தமிழர், அங்கே சிலோன்காரர். 1953இல் நாட்டின் சனத்தொகையில் 12 சதவீதமாக இருந்த மக்கள் 1971இல் 9.3, 1981இல் 5.5 என்று இறங்கியது இப்படித்தான். நாடற்றவர் பிரச்சினையை முடித்து வைக்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. முதல் சட்டத்துக்கும் அதற்கும் இடையில் 55 வருடம் போயிருந்தது.

பிரஜாவுரிமை வந்தபிறகும் படிவம் விடவில்லை. வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா என்ற கேள்வி வேலை விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் நம்மைத் துரத்தியது. 1978 அரசியல் யாப்பின் 26ஆம் உறுப்புரை தெளிவாகச் சொல்கிறது: பிரஜாவுரிமை வம்சாவளியால் வந்ததா பதிவால் வந்ததா என்று எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது. யாப்பில் இருந்தது இது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லிகிதருக்கு அது போய்ச் சேரவே பல வருடம் ஆனது.

இப்போது இன்னொரு பத்தியைப் பார்ப்போம். இனம் என்ற கேள்வியைவிட இது நமக்குக் கூடுதல் கேடு செய்கிறது என்று நான் நினைக்கிறேன். இலங்கையின் புள்ளிவிபரங்களில் நாடு மூன்றாகப் பிரிகிறது: நகரம், கிராமம், தோட்டம். இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் வசிக்கும் பெருந்தோட்டம் "தோட்டத் துறை". மனிதர் வாழும் இடம் நகரமாக இருக்கும் அல்லது கிராமமாக இருக்கும். நாம் வாழ்வது மட்டும் ஒரு கம்பனியின் வேலைத்தலம். இந்த ஒரு பிரிப்பிலிருந்து வந்த கேட்டை எண்ணிப் பாருங்கள். 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் ஒரு பாதைக்கோ ஒரு தண்ணீர்க் குழாய்க்கோ சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தோம், நம் ஆட்களையே தவிசாளர் ஆக்கினோம், அவர்கள் கையாலும் லயத்துப் பாதைக்குக் கல் போட முடியவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. திருத்தம் வந்துவிட்டது என்பதே தெரியாத சபைகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சபையில் போய்க் கேளுங்கள்.

தோட்டத் துறை என்ற பத்தி நம் துன்பத்தை நன்றாகவே பதிவு செய்திருக்கிறது என்பதும் உண்மை. 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்தில் 33.8. 2016 சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7. இந்த எண்களை நாம் மேடையில் சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆனால் தோட்டம் என்பதும் மலையக மக்கள் என்பதும் ஒன்றாகாது. வத்தளையில் கடையில் நிற்கும் பையன், கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்காரும் தங்கை, கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கும் அக்கா, இவர்கள் யாரும் தோட்டத் துறையில் இல்லை. நகரத்துப் புள்ளிவிபரத்தில் கலந்துவிடுகிறார்கள். 1958க்கும் 1977க்கும் 1983க்கும் பிறகு உயிருக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன நம் சனம் அங்கே நம் பெயரில் எண்ணப்படுவது அரிது. இனம் கேட்டால் ஒரு பத்தியில் கரைகிறோம், வதிவிடம் கேட்டால் இன்னொரு பத்தியில் கரைகிறோம்.

எப்படிக் கரைகிறோம் என்பதைக் கிட்ட நின்று பாருங்கள். காலை பத்து மணிக்குக் கணக்கெடுப்பாளர் லயத்துக்கு வருகிறார். பெரட்டு முடிந்து பொம்பளைகள் மலையேறிவிட்டார்கள், கொழுந்து நிறுக்கும் நேரம்வரை இறங்க மாட்டார்கள். ஆம்பளைகள் டவுனுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். காம்பராவில் இருப்பது கண் மங்கிய ஆச்சியும் காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத பேரப்பிள்ளையும். படிவம் அவர் கையில், பேனா அவர் கையில். இனம் என்ற இடத்துக்கு வந்ததும் சிலர் கேட்பார்கள், சிலர் கேட்காமலே எழுதுவார்கள். "தமிழ்தானே?" என்று கேட்டால் ஆச்சி "ஆமாங்க" என்றுதானே சொல்வார். கொழும்பில் இருக்கும் மகனும் இரண்டு மகள்மாரும் குடும்பப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்களா, அங்கே தங்கியிருக்கும் போர்டிங்கில் எண்ணப்பட்டார்களா, இரண்டு இடத்திலும் விட்டுப்போனார்களா? யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் கதவு மூடுகிறது. அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் காம்பராவின் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது.

கேட்கும் இடத்திலும் நம் இளைஞர்கள் சிலர் தாங்களாகவே "இலங்கைத் தமிழர்" என்று சொல்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வராது. தோட்டக்காட்டான், கள்ளத்தோணி என்ற வசவுகளைச் சின்ன வயதில் வாங்கிய பிள்ளை, தன் பிறப்புச் சான்றிதழில் "இந்திய" என்ற சொல்லைப் பார்க்கும்போது அதைக் கழற்றி எறியத்தான் நினைக்கும். இங்கே பிறந்தேன், தாத்தா இங்கே பிறந்தார், நான் இலங்கையன், நான் தமிழன், அப்படியானால் இலங்கைத் தமிழன்தானே என்று கேட்கும். நியாயமான கேள்வி. தமிழர் எல்லோரும் ஒரே பத்தியில் சேர்ந்தால் பலம் கூடும் என்று வடக்கு கிழக்கிலிருந்து சொல்லும் நண்பர்களும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள்.

ஆனால், தம்பி, இதைக் கொஞ்சம் யோசி. பத்தி ஒன்றானால் தொகை பெரிதாகத் தெரியும், உண்மை. அந்தப் பெரிய தொகையின் சராசரிக்குள் உன் லயம் தெரியாமல் போகும். யாழ்ப்பாணத்தின் காணியுரிமையும் எழுத்தறிவும் உன் காணியற்ற நிலையோடு கூட்டிப் பிரிக்கப்பட்டு, தமிழர் நிலைமை பரவாயில்லை என்று ஒரு வரி எழுதப்படும். குறையை நிரப்பும் ஒதுக்கீடு எதையும் பிறகு உன்னால் கேட்க முடியாது. பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், அரச சேவையில் எத்தனை பேர் என்று கேட்டால் தமிழர் எத்தனை பேர் என்று பதில் வரும். வடக்கு கிழக்குத் தமிழரோடு நமக்கு உறவு வேண்டும், கூட்டுப் போராட்டம் வேண்டும். அந்த உறவு இரண்டு மக்கள் பரஸ்பரம் மதித்துக் கைகோர்ப்பதால் வரட்டும், ஒரு மக்கள் இன்னொரு மக்களின் எண்ணிக்கைக்குள் மறைவதால் வரவேண்டாம்.

அந்த "இந்திய"வும் வேண்டாம், மறைவதும் வேண்டாம் என்றால் என்ன வேண்டும் என்பது 1960களிலேயே நமக்குத் தெரியும். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் "மலையகம்" என்று பேசத் தொடங்கியபோது அது ஒரு மேடைப்பேச்சு அல்ல, முகவரி. இந்த மண்ணில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தின் பெயரால் எங்களைக் கூப்பிடு என்றார்கள். 2023இல் இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த நடையிலும் அதைத்தான் சொன்னோம். இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் 2023 அக்டோபரில் ஹட்டனுக்கு வந்து பிரகடனம் செய்தபோது மலையகத் தமிழர் என்றே நம்மைக் குறிப்பிட்டார்கள். தொகைமதிப்பு முடிவுகளில் என்ன வந்தது? "இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்." நடுவில் ஒரு சாய்கோடு.

கொழுந்தெடுக்கும் நம் பொம்பளைகளுக்குப் பேர் என்றால் என்னவென்று தெரியும். சொன்ன கிலோ எடுத்தால் செக்ரோலில் முழுப்பேர். இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான், அரைச் சம்பளம்தான். அந்தச் சாய்கோடு அரசு நமக்குப் போட்டிருக்கும் அரைப்பேர். நம் போராட்டத்தால் வந்தது என்பதால் அதை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. இருநூறு வருடம் உழைத்தவருக்கு அது முழுக்கூலி ஆகாது என்கிறேன்.

பெயர் மட்டும் முழுதாக வந்தால் போதுமா என்று கேட்கும் தோழர்களுக்கு என் பதில்: போதாது. காணி வேண்டும். காணி இல்லாதவனை எண்ணுவதும் சுலபம், எண்ணாமல் விடுவதும் சுலபம். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முன்னூறு என்றார்கள். ஒரு லயத்தில் நேற்றிரவு யார் யார் படுத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல இந்த அரசிடம் ஒரு தாள் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மறுபடி மலை சரிந்தது. வீட்டை இழந்தவரிடம் நிவாரண மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வி காணி யாருடையது என்பது. லயம் தோட்டத்துடையது. 1970களில் அரசு எடுத்துக்கொண்டு 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் அது. நாலு தலைமுறை படுத்த காம்பராவுக்கு நம்மிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது. ஏழு பேர்ச் காணி என்று கொடுக்கத் தொடங்கியதை வரவேற்போம். ஆனால் வாக்குறுதித் தாள் வேறு, காணிப் பதிவகத்தில் ஏறிய உறுதி வேறு என்பதை ஒவ்வொரு வீட்டிலும் விளக்குங்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டுச் செத்தது நிலத்துக்காக. தோட்டங்களைத் துண்டாடி நம் சனத்தை வெளியேற்றக்கூடாது என்று நின்றதற்காக. அந்த நிலத்தில் இன்னும் நாம் குடியிருப்பாளர்தான், உரிமையாளர் ஆகவில்லை.

காணியோடு முகவரியும் போகும். பல தோட்டங்களில் கடிதம் இன்னும் தோட்டக் கந்தோருக்குத்தான் வருகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். தபாற்காரர் வராத கதவுக்குக் கணக்கெடுப்பாளரும் ஒழுங்காக வரமாட்டார்.

ஆகவே தோழர்களே, அடுத்த தொகைமதிப்புக்குப் பத்து வருடம் இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள். நம் வேலை இந்த மாதமே தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு டிவிஷனிலும் நாலைந்து பேர் சேருங்கள். படித்த பிள்ளை ஒன்று, கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். கட்சி வேறு, சங்கம் வேறு என்றால் இருக்கட்டும், இந்த வேலைக்கு அது தடையில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போங்கள். காம்பரா எண், குடும்பம், வெளியூரில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், ஆள் அடையாள அட்டை இல்லாதவர்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர்கள் என்று எழுதுங்கள். மலையில் வேலை செய்பவர்கள் வீட்டுக்குத் திரும்பும் மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். அந்தக் கொப்பி நம் சொந்தத் தொகைமதிப்பு. அது நம் கையில் இருந்தால்தான் அரசின் எண்ணை எதிர்த்துக் கேட்க வாய் வரும். அதில் இருப்பது மக்களின் சொந்த விவரம், அதை எந்தக் கட்சிக்கும் எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள். மக்கள் நம்பிச் சொன்னதை மக்களுக்காக மட்டும் பயன்படுத்துங்கள்.

பிள்ளை பிறந்தால் பதிவுக்குப் போகும் தகப்பனோடு ஒருவர் கூடப் போங்கள். பதிவாளர் எழுதி முடித்த பிறகு திருத்தக் கேட்பது பெரும்பாடு. எழுதுமுன் "மலையகத் தமிழர்" என்று சொல்லுங்கள். முடியாது என்றால், முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு தாளும் நம் வழக்குக்குச் சாட்சி. வாக்காளர் இடாப்பு வருடா வருடம் திருத்தப்படுகிறது. கிராம சேவகர் படிவத்தோடு வரும் நாளில் லயத்தில் ஒருவர் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: எங்கே பதிவாகியிருக்கிறாய், எப்படிப் பதிவாகியிருக்கிறாய் என்று பார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கும் சொந்தங்களையும் இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

பாராளுமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள், எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், ஒரே குரலில் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். அந்தச் சாய்கோட்டை எடுத்து மலையகத் தமிழர் என்ற ஒரே பெயரை எல்லாத் திணைக்களப் படிவத்திலும் அச்சிட வேண்டும். எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்பதைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக விளக்க வேண்டும். லயம் இருக்கும் இடத்தைக் கிராமமாகப் பிரகடனம் செய்து, அதற்கென்று கிராம சேவகர் பிரிவு வகுக்க வேண்டும். 2012 கணக்கில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகளில் தலா இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதைப் பிரித்துப் புதிய செயலகங்கள் அமைக்க 2019இல் வர்த்தமானி வந்தது. அவை முழு அதிகாரத்தோடும் ஆளணியோடும் இயங்குகின்றனவா என்று கேளுங்கள். காணி உறுதி பெண்ணின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். நாள் முழுக்க மலையில் நிற்பவர் அவர், பட்டியலில் "தங்கி வாழ்பவர்" என்று அவரை எழுதுவதை இனி அனுமதிக்கக்கூடாது. இவற்றை எந்த உறுப்பினர் கேட்டார், எவர் கேட்கவில்லை என்பதையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தேர்தலில் அது தேவைப்படும்.

தோட்டத்துரையிடமோ கந்தோரிலோ இதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராவில் இருப்பவரைப் பார்க்க நமக்கு எவருடைய கையெழுத்தும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலிலோ வாசிகசாலையிலோ கூடுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் எழுதிவிட்டு, முதல் லயத்தின் முதல் கதவைத் தட்டுங்கள்.